பழைய லாரி வாங்கும்போது ஓட்டத்தையும் பராமரிப்பையும் மதிப்பிடுதல்

பயன்படுத்திய லாரி, டாரஸ், டிரெய்லர் போன்ற கனரக சரக்கு வண்டிகளை வாங்குவதற்கு முன், வண்டி இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்படிப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டறியும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் உள்ள மதுக்கரையும், அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரமும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

பழைய லாரி வாங்குவோரில் பலர் ஒரே ஒரு வண்டி வைத்துத் தொழில் செய்ய முனைபவர்கள். ஓட்டுநராக இருந்து சேர்த்த பணம், அடகு வைத்த வீட்டு நகை, நிதி நிறுவனக் கடன் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டு வண்டி எடுப்பவர்கள். வாங்கிய மூன்றாம் மாதமே இன்ஜினை இறக்க வேண்டி வந்தால் வண்டி பட்டறையில் நின்றுவிடும்; மாதத் தவணை நிற்காது. இரண்டு மூன்று தவணை தவறினால் வண்டியை நிதி நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வாங்குவதற்கு முன் செலவிடும் இரண்டு நாள் சோதனை ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பைக் காக்கக் கூடியது.

சொல் வழக்கு

தமிழ்நாட்டில் ‘மைலேஜ்’ என்ற சொல் பெரும்பாலும் ஒரு லிட்டர் டீசலுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் அதே சொல் வண்டி மொத்தமாக ஓடிய தூரத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் மொத்தத் தூரம் ‘ஓட்டம்’ என்றும், லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் ‘மைலேஜ்’ என்றும் வழங்கப்படுகின்றன. ஓட்டத்தைக் காட்டும் கருவி ஓடோமீட்டர். லாரித் தொழிலில் இதைச் சுருக்கமாக ‘மீட்டர்’ என்பார்கள்.

கொங்கு வட்டாரமும் பழைய லாரியும்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் இந்திய லாரித் தொழிலில் தனி இடம் பெற்றவை. டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று தொடங்கும் பதிவெண் கொண்ட வண்டிகளை நாட்டின் எல்லா நெடுஞ்சாலைகளிலும் காணலாம். நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் எரிவாயு டேங்கர்களுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. இங்கே புதிய வண்டியை நான்கைந்து ஆண்டு ஓட்டிவிட்டு விற்பவர்களும், அதை வாங்கி மேலும் பத்தாண்டு ஓட்டுபவர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களாக இருப்பது உண்டு.

பழைய லாரிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கிய காலத்தில், 1979இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்த வேலையைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டன. 2022இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், ஸ்ரீராம் ஃபைனான்ஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது. கடன் கொடுப்பவரும் வண்டியை மதிப்பிட ஆள் அனுப்புவார். ஆனால் அவர் பார்ப்பது, தவணை நின்றுபோனால் வண்டியை விற்று என்ன தேறும் என்பதை. கிளட்ச் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பது அவருடைய கவலை அல்ல. ‘ஃபைனான்ஸ்காரர் பார்த்துவிட்டார், வண்டி நன்றாகத்தான் இருக்கும்’ என்று எண்ணுவது பலர் செய்யும் பிழை.

மதுக்கரையில் 1930களிலிருந்தே சிமெண்ட் ஆலை இயங்கிவருகிறது. சற்றுத் தள்ளி எல்லைக்கு அப்பால் வாளையாறில் மலபார் சிமெண்ட்ஸ் உள்ளது. நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை வரும் சுமார் 28 கிலோமீட்டர் புறவழிச்சாலை, சேலம் பக்கமிருந்து கேரளத்துக்குப் போகும் சரக்கை நகருக்குள் நுழையாமல் கொண்டுவந்து விடுகிறது. இதனால் இங்கே இரண்டு வகை லாரிகளை அருகருகே காணலாம். சுண்ணாம்புக்கல், சாம்பல், சிமெண்ட் ஏற்றிக்கொண்டு குறுகிய தூரம் போய்வரும் ‘லோக்கல்’ வண்டி ஒன்று. கொச்சியிலிருந்து வடமாநிலம் வரை போய்வரும் ‘லைன்’ வண்டி மற்றொன்று. இரண்டும் ஒரே நிறுவனத் தயாரிப்பாக, ஒரே ஆண்டு வண்டியாக இருந்தாலும், உள்ளே தேய்ந்திருக்கும் இடங்கள் வேறு.

மீட்டர் எண்ணை மட்டும் ஏன் நம்பக் கூடாது

பழைய வண்டிகளில் மீட்டர் கியர் பாக்ஸிலிருந்து வரும் ஒரு கேபிளால் சுழன்றது. கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நிற்கும், வண்டி ஓடும். கேபிள் அறுந்து மாதக்கணக்கில் மாற்றாமல் விட்ட வண்டிகளும் உண்டு. அது ஏமாற்று அல்ல, சோம்பல். எண்களுக்கு இருந்த இடங்கள் தீர்ந்ததும் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், ஒரு லட்சம் காட்டும் வண்டி உண்மையில் பதினொரு லட்சம் ஓடியிருக்கவும் கூடும்.

பின்னர் மின்னணு மீட்டர் வந்தது. வாகன மீட்டர்களைத் தயாரிக்கும் பிரிக்கால் நிறுவனம் கோயம்புத்தூரைச் சேர்ந்ததே. மின்னணு மீட்டரில் எண் ஒரு சில்லில் சேமிக்கப்படுகிறது. இதை மாற்ற முடியாது என்ற நம்பிக்கை தவறானது; கணினியும் உரிய கருவியும் இருந்தால் மாற்றிவிடலாம். பழுதான மீட்டர் தொகுப்பை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினாலும் பழைய ஓட்டம் மறைந்துவிடும்.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வண்டி விற்பவர் மீட்டர் அளவை எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஆனால் மொத்த எடை 16,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 7,250 கிலோவுக்கு மேற்பட்ட கனரக வண்டிகளுக்கு இந்த அறிவிப்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கனரக வண்டி வாங்குவோர் மீட்டரைவிடப் பராமரிப்புப் பதிவேட்டையே நம்புகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சங்ககிரியின் அனுபவசாலி மெக்கானிக்கும் இதையேதான் சொல்வார்.

கிலோமீட்டரும் மணிநேரமும்

மீட்டர் சக்கரம் சுற்றியதை எண்ணுகிறது. இன்ஜினோ வண்டி நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த வேறுபாட்டை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம்.

எட்டு ஆண்டு பழையதான இரண்டு பத்துச் சக்கர லாரிகள் விற்பனைக்கு வருகின்றன என்று கொள்வோம். முதலாவது லைன் வண்டி. மாதம் 8,000 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 96,000. எட்டு ஆண்டில் 7,68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால், இன்ஜின் ஓடிய நேரம் 19,200 மணி. இரண்டாவது, ஆலைக்கும் குவாரிக்கும் குடோனுக்கும் இடையே ஓடிய லோக்கல் வண்டி. ஆண்டுக்கு 40,000 வீதம் 3,20,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. ஆனால் லோடு ஏற்றவும் இறக்கவும் வரிசையில் நகர்ந்து நகர்ந்து நிற்கவும் சேர்த்து நாளுக்கு ஏழு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் இன்ஜின் ஓடியிருந்தால் 16,800 மணி ஆகிறது. ஓட்டத்தில் இரண்டாவது வண்டி பாதியைக்கூட எட்டவில்லை. இன்ஜின் உழைப்பில் குறைவு எட்டில் ஒரு பங்குதான்.

மேலும் லோக்கல் வண்டியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிளட்ச் மிதிப்பு அதிகம், கியர் மாற்றம் அதிகம், பிரேக் அதிகம், தூசியும் அதிகம். ‘மூன்று லட்சம்தான் ஓடியிருக்கிறது’ என்று கூடுதல் விலை கேட்டால், அந்த மூன்று லட்சம் எந்த வழியில் ஓடியது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒழுங்காக எண்ணெய் மாற்றி ஓடிய ஏழு லட்சம், சில சமயம் குவாரியில் ஓடிய மூன்று லட்சத்தைவிட மேலானது.

வாளையாறு சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது இவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்த செய்தி. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகே அந்த நிலை மாறியது. அதற்கு முன் கேரள ஓட்டம் ஓடிய வண்டிகளில் மீட்டரில் ஏறாத இன்ஜின் மணிகள் கணிசமாக இருக்கும்.

உண்மையான ஓட்டத்தைக் கண்டறியும் வழிகள்

ஒரே ஆதாரத்தை நம்பாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று ஆதாரங்களை ஒப்பிட வேண்டும். மீட்டரைத் திருத்துவது எளிது. எட்டு ஆண்டுப் பில்கள், சுங்கக் கணக்கு, இன்ஜின் கணினி ஆகிய எல்லாவற்றையும் ஒன்றுபோலத் திருத்துவது எளிதல்ல.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலைய பில் ஒவ்வொன்றிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் இறங்கினால் காரணம் கேட்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால், உரிமையாளர் சம்மதத்துடன் சேஸ் எண்ணைக் கொடுத்து அதே நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவைக் கேட்கலாம்.

ஃபாஸ்டேக் கணக்கு மற்றொரு நல்ல சாட்சி. 2021 பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் இது கட்டாயமாக்கப்பட்டது. கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம், வாளையாறை அடுத்த பாம்பாம்பள்ளம் எனச் சாவடிகளின் பெயரும் நேரமும் பட்டியலில் வரும். ஓராண்டுப் பட்டியலைப் பார்த்தால் வண்டி லைனில் ஓடியதா, லோக்கலில் ஓடியதா என்பது தெரிந்துவிடும். மாதத்துக்கு எத்தனை முறை கொச்சி போய்வந்தது என்று எண்ணினால் மாத ஓட்டமும் தோராயமாகக் கிடைக்கும். கணக்கு உரிமையாளர் பெயரில் இருப்பதால் அவரே எடுத்துத் தர வேண்டும். தரத் தயங்குபவரிடம் வற்புறுத்தத் தேவையில்லை. தயக்கமே ஒரு தகவல்.

ஒற்றை வண்டி உரிமையாளர்களிடம் கணினிப் பில்லைவிட மதிப்புள்ள ஒன்று இருக்கும்: டிரிப் நோட்டு. புறப்பட்ட இடம், மீட்டர் அளவு, போட்ட டீசல், படி, சுங்கம், பஞ்சர் செலவு எல்லாம் அதில் ஓட்டுநர் கையெழுத்தில் இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த இத்தகைய நோட்டை விற்பனைக்காகப் புதிதாக எழுதித் தயாரிப்பது கடினம். அதில் லிட்டர் கணக்கும் இருப்பதால் மைலேஜ் காலப்போக்கில் குறைந்துவருகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி ஓடிய தூரம், இன்ஜின் மணி, எரித்த டீசல் ஆகியவற்றைத் தன் நினைவில் வைத்திருப்பது வழக்கம். சர்வீஸ் நிலையத்தின் சோதனைக் கருவியால் இதைப் படிக்கலாம். டாடாவின் ஃபிளீட் எட்ஜ், அசோக் லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற இணையவழிக் கண்காணிப்பு சேவையில் இணைந்திருந்த வண்டியானால், அதன் பதிவும் உதவும். கிடைத்த தூரத்தை மணியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். கணினி 16,000 மணி காட்டி, மீட்டர் 2,00,000 கி.மீ. காட்டினால் சராசரி மணிக்கு 12.5 கி.மீ. லைனில் மட்டுமே ஓடியது என்று சொல்லப்படும் வண்டிக்கு இது பொருந்தாத எண்.

காகிதமே இல்லாவிட்டாலும் வண்டியின் உடல் சில செய்திகளைச் சொல்லும். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா, ஸ்டியரிங் வளையம் வழவழப்பாகிவிட்டதா, ஓட்டுநர் இருக்கையின் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, கதவுக் கீல் தொங்குகிறதா என்று பார்க்கலாம். இரண்டு லட்சம் காட்டும் வண்டியில் மிதி ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், பழையது எங்கே போனது என்று கேட்பதில் தவறில்லை. மீட்டர் பலகையைச் சுற்றியுள்ள திருகுகளில் கீறல் இருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பழுது பார்க்கவும் கழற்றுவார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

புதிய பெயிண்டைக் கண்டு சந்தேகப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். எஃப்.சி.க்குப் போகும் முன் வண்டிக்கு வண்ணம் அடிப்பது இங்கே வழக்கம். ஆனால் சேஸின் ஓரிடத்தில் மட்டும் புதிய கறுப்பு வண்ணம் இருந்தால் அது வேறு கதை.

இன்ஜின்

சோதனையின் பெரும்பகுதி இங்கேதான். முதல் விதி: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டை வாங்குபவர் கண்முன்னே போடச் சொல்ல வேண்டும். போய்ச் சேரும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். தேய்ந்த இன்ஜின் சூட்டில் எளிதாக உயிர்பெறும். குளிரில்தான் அதன் குறை வெளிப்படும்.

புகையின் நிறம் ஒரு குறிப்பு. நீலம் கலந்த புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங், லைனர், வால்வு கைடு அல்லது டர்போ தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் நிற்காத வெண்புகை, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போவதையோ டீசல் சரியாக எரியாததையோ காட்டும். கரும்புகை காற்று போதாமலோ டீசல் மிகுதியாகவோ வருவது. ஏர் ஃபில்டர் அடைப்பிலிருந்து நாசில் பழுது வரை காரணங்கள் பல. அடுத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். லேசான ஆவி இயல்பு. ரயில் இன்ஜின்போல விட்டுவிட்டு வேகமாகப் புகை தள்ளினால், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இதை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி வைப்பதும் உண்டு என்பதால், ஆயில் எப்போது மாற்றியது, எந்த வகை என்று பில்லோடு கேட்பது நல்லது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

சிமெண்ட், சுண்ணாம்புக்கல் ஓட்டம் ஓடிய வண்டிகளில் தவறவிடக் கூடாத சோதனை ஒன்று உண்டு. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலான ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். ஃபில்டரைக் கடந்த பிறகு அங்கே தூசி இருக்கவே கூடாது. துணியில் சாம்பல் நிறப் பொடி ஒட்டினால், அந்தத் தூசி இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது. மணல்தாளால் தேய்ப்பதுபோல அது லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். ஃபில்டரைக் காற்றடித்து அடித்து மீண்டும் மீண்டும் போடுவதால் சேமிப்பது சில ஆயிரம், இழப்பது இன்ஜின். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் செய்வதில்லை.

‘இன்ஜின் வேலை இப்போதுதான் செய்தது’ என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மையானால் அது நல்ல செய்திதான். ஆனால் என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. ரிங் மட்டும் மாற்றியதும் வேலைதான். லைனர், பிஸ்டன், மெயின் பேரிங், கான்ராடு பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் மாற்றியதும் வேலைதான். பட்டறைப் பில்லோடு உதிரிப்பாகக் கடைப் பில்லும் இருக்க வேண்டும். கிராங்க் எந்த அளவுக்குக் கடையப்பட்டது என்றும் கேட்க வேண்டும். வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் படிகளாகக் கடைந்து அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். படிகள் குறைவு. கடைசிப் படியில் இருக்கும் கிராங்கை அடுத்த முறை கடைய முடியாது. புதிதுதான் வாங்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் வெறும் வண்டியைப் புறவழிச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவது அல்ல. முடிந்தால் லோடோடு, ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் இன்ஜின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் கியர் தானே வெளியே வந்து விழுந்தால் கியர் பாக்ஸில் வேலை இருக்கிறது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் பின்னாலிருந்து வரும் ஓசை மாறினால் கிரவுனைக் கவனிக்க வேண்டும்.

பிரேக்கும் டயரும்

தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரி எதை நம்பி இறங்குகிறது என்று நினைத்துப் பார்த்தால் இச்சோதனையின் தேவை விளங்கும். வண்டி நகராதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காற்றழுத்தம் முழுமையாக ஏறிய பிறகு இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே சில நிமிடம் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். முள் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு. காற்றுத் தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் திறந்தால் சற்றுத் தண்ணீர் வரலாம். எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்தால், கிங் பின்னிலும் பேரிங்கிலும் உள்ள ஆட்டம் கைக்கே தெரியும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், டயரின் குறையல்ல; அச்சின் குறை. ரீட்ரெட் செய்த டயரை வைத்து வண்டியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அத்தொழிலுக்கான பொருள்களைத் தயாரிக்கும் எல்ஜி ரப்பர் நிறுவனமே கோவையைச் சேர்ந்தது. நல்ல அடிப்பாகத்தின் மேல் போட்ட ரீட்ரெட் நன்றாகவே உழைக்கும். ஆனால் புதிய கனரக ரேடியல் டயர் ஒன்று இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுவதால், பத்து டயரும் மாற்ற வேண்டிய வண்டியில் இரண்டு லட்சத்துக்கு மேல் விலையிலேயே கழிக்க வேண்டும். எஃப்.சி. காட்டுவதற்காக மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு கழற்றிவிடும் பழக்கமும் உண்டு. விலை பேசிய நாளில் டயர் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, வண்டி எடுக்கும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சேஸும் பளுவும்

அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியை மீட்டர் காட்டிக்கொடுக்காது, சேஸ் காட்டிக்கொடுக்கும். ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு அருகிலும் குறுக்குச் சட்டம் சேரும் இடங்களிலும் விரிசல், வெல்டிங், ஒட்டுத் தகடு இருக்கிறதா என்று வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். வரிசையாக ரிவெட் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு மட்டும் நட்டு போல்ட்டாக மாறியிருந்தால் அங்கே பிரித்து வேலை செய்திருக்கிறார்கள். நிறுவனம் கொடுத்ததைவிடக் கூடுதலான ஸ்பிரிங் பட்டைகள் இருந்தால், வண்டி எதைச் சுமந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப்பளு வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. வாங்கும் வண்டியின் ஆர்.சி.யில் எந்த எடை பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் வாடகைக் கணக்குப் போடக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, கூடுதல் பளுவுக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

டிரெய்லர் வண்டியானால்

டிரெய்லரில் இழுக்கும் முன்வண்டியும் இழுபடும் பின்பகுதியும் தனித்தனியாகப் பதிவு செய்யப்படுபவை. ஆர்.சி. இரண்டு, வயதும் வேறு வேறாக இருக்கலாம். முன்வண்டியை மட்டும் கூர்ந்து பார்த்துவிட்டுப் பின்பகுதியை எட்டிக்கூடப் பார்க்காமல் வாங்குவோர் உண்டு. இரண்டையும் இணைக்கும் ஐந்தாம் சக்கரத் தட்டும் அதில் பூட்டிக்கொள்ளும் கிங் பின்னும் உயிர்நாடியானவை. பரவலாகப் பயன்படும் இரண்டு அங்குல கிங் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. தேய்ந்து 49 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். வெறும் கண்ணுக்கு இந்தத் தேய்மானம் தெரியாது. புறப்படும்போதும் நிறுத்தும்போதும் ‘டக்’ என்ற அதிர்வு வந்தால் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும்.

பி.எஸ். 6 வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் விற்பனையான பி.எஸ். 6 லாரிகள் இப்போது பழைய வண்டிச் சந்தைக்கு வந்துவிட்டன. இவற்றில் பெரும்பாலானவற்றில் புகையைத் தூய்மையாக்க யூரியாக் கரைசல் தேவை. தோராயமாக 100 லிட்டர் டீசலுக்கு நான்கைந்து லிட்டர். செலவு மிச்சம் என்று தண்ணீர் கலந்த, தரமற்ற கரைசலை ஊற்றினால் அந்த அமைப்பு கெடும். சரிசெய்யும் செலவு பெரிது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு முறை எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கிறார்களா என்று சந்தேகிக்க வேண்டும். டீசல் இன்ஜினில் நல்ல அனுபவமுள்ள மெக்கானிக்கும் இவ்வகை வண்டியைக் கணினிச் சோதனை இல்லாமல் முழுமையாகச் சொல்லிவிட முடியாது.

ஆவணங்கள்

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ளவற்றோடு நேரில் ஒப்பிட வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது உரிமையாளர், எஃப்.சி. எதுவரை, காப்பீடு எதுவரை, கடன் பதிவு இருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். நிலுவை அபராதங்களையும் காலாண்டு வரியையும் விலை பேசும் முன்பே பார்த்துவிட வேண்டும். கடன் முடிந்த வண்டியானால் நிதி நிறுவனத்தின் சான்றும் படிவம் 35உம் தேவை. உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு பதிவு எல்லையிலிருந்து வந்தால் படிவம் 28.

புதிய லாரிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டு, எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மதுக்கரையில் வாங்குபவருக்கு இதைவிட முக்கியமானது நேஷனல் பர்மிட் வயது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரண்டு அச்சு லாரிக்கு 12 ஆண்டும், பல அச்சு லாரிக்கு 15 ஆண்டும் வரைதான் நேஷனல் பர்மிட் கிடைக்கும். பதினொரு வயதான ஆறு சக்கர வண்டி மலிவாகக் கிடைத்தாலும், அந்த பர்மிட்டில் வாளையாறைத் தாண்டிப் பிழைக்க இன்னும் ஓராண்டுதான் மீதி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட்ட வேலை இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உரிமை மாற்றத்தைத் தள்ளிப்போடுவது இரு தரப்புக்கும் ஆபத்து. விற்பவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்றுக் கைமாறிய பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பலரிடம் கைமாறியும் பதிவு மட்டும் முதல் பெயரிலேயே இருந்தது. காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வாங்குபவருக்கு உள்ள காலம் 14 நாள்.

விலைக் கணக்கு

சோதனையில் கண்ட ஒவ்வொரு குறையையும் ரூபாயாக மாற்றிய பிறகே விலை பேச வேண்டும். டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் லைனிங் போன்றவற்றின் விலை கடையில் கேட்டாலே தெரியும். கண்ணுக்குத் தெரியாத இழப்பு மைலேஜில் இருக்கிறது. மாதம் 8,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 2,000 லிட்டர் டீசல் போதும். 3.5 கி.மீ.தான் கொடுக்கிறது என்றால் ஏறத்தாழ 2,286 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரை கிலோமீட்டர் வித்தியாசம் மாதம் 26,000 ரூபாயைத் தின்கிறது. ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறதென்று தேய்ந்த வண்டியை எடுப்பவர், அந்த லாபத்தை இரண்டே மாதத்தில் டீசல் பங்கில் கொடுத்துவிடுகிறார்.

கையில் உள்ள முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாமல், ஒரு முறை இன்ஜின் வேலை செய்வதற்கான தொகையையும் இரண்டு மாதத் தவணையையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மீதிக்கு ஏற்ற வண்டியைத் தேடுவதே தொழிலில் நிலைத்தவர்கள் பின்பற்றும் முறை. விற்பவருக்கு வேண்டப்பட்டவராக இல்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லும் செலவும் இந்தக் கணக்கில் சேரும். புரோக்கர் தாமே அழைத்துவரும் மெக்கானிக்குக்குக் கூலி கொடுப்பது யார் என்பதைக் கேட்டுக்கொள்ளலாம்.

மீட்டர் திருத்தப்பட்டது பின்னர் தெரியவந்தால் ஏமாற்றுக் குற்றமாகக் காவல் துறையில் புகார் கொடுக்கலாம். வணிக நோக்கில் வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை அச்சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. எனவே பழைய வண்டி வியாபாரியிடம் ஒற்றை லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக வழி உண்டு. அதற்கு, விலை பேசும்போது சொல்லப்பட்ட கிலோமீட்டர் அளவும் தேதியும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, விற்றவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.